கல்மரம் யாருக்குச் சொந்தம்?

ஐக்கிய அமெரிக்க நாட்டின் மேற்கே, அரிஸோனா, நெவாடா, யூட்டா, கலிபோர்னியா ஆகிய ராஜ்யங்களில் பரந்து கிடக்கும் பாலை நிலங்களை நோக்கி, குளிர்காலம் பிறந்ததும் ஒருவகை யாத்திரிகர்கள் புறப்படுகிறார்கள். அவர்கள் நாடிச் செல்லும் இடத்தில் கோயிலும் இல்லை, தீர்த்தமும் இல்லை. கையிலே ஒரு சுத்தி, தோளிலே ஒரு பை, வண்டியிலே நிறையத் தண்ணீர். இவ்வளவே அவர்களுடைய மூட்டை முடிச்சு. நடக்கும்போது அவர்களுடைய பார்வை தரையை விட்டு எழுவதில்லை. தங்கம் தேடுகிறவர்களோ என்று நாம் நினைக்கக் கூடும். அல்ல, அவர்கள் கல் பொறுக்குகிறவர்கள். பள்ளிக்கூடத்து ஆசிரியர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தொழிலாளி, குழந்தைகளை அழைத்து வந்த தாய் தந்தையர் எனச் சாமானிய ஜனங்களே அக்கூட்டத்தில் பெரும்பாலோர்.

வேலையற்றவர்களின் வேடிக்கை என்று இதை நாம் ஒதுக்கிவிடலாம். ஆனால் அவர்கள் பொறுக்கும் கல்லைப் பற்றி அந்தத் தேசத்தில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வரும் வழக்கு சிரித்து ஒதுக்கத் தக்கதன்று. பூமிக்கு மேலே, காவலின்றி, எவரும் குனிந்து எடுக்கக்கூடிய நிலையில் கிடக்கும் ஒரு பொருள் யாருக்குச் சொந்தம்? முதலில் கண்டவனுக்கா, முதல் போட்டு ஆலை வைப்பவனுக்கா, ஆராயும் அறிஞனுக்கா, சர்க்காருக்கா, அன்றி இனிப் பிறக்கப் போகிறவர்களுக்கா? பொதுச் சொத்து என்ற சொல்லை அடிக்கடி வழங்கும் நாம், அச்சொல்லின் பொருளை அரிஸோனாப் பாலைவனத்திலிருந்தும் சிறிது கற்றுக்கொள்ள இடமிருக்கிறது.

மரம் கல்லான விதம்

முதலில் அந்தக் கல் எத்தகையது என்பதை அறிந்துகொள்வோம். அரிஸோனாவின் வடகிழக்கில், ஹோல்ப்ரூக் என்னும் சிறு நகரத்துக்குக் கிழக்கே, ஆண்டுக்குப் பத்து அங்குலமே மழை பெய்யும் வறண்ட மேட்டு நிலம் ஒன்று இருக்கிறது. அங்கே பருத்த அடிமரங்கள் ஆயிரக்கணக்கில் வீழ்ந்து கிடக்கின்றன. தூரத்திலிருந்து பார்ப்பவர்கள், யாரோ நேற்றுத்தான் வெட்டிச் சாய்த்தார்கள் என்று எண்ணுவார்கள். கிட்டப் போய்த் தட்டினால் அத்தனையும் கல். சிவப்பு, மஞ்சள், கறுப்பு, ஊதா, வெள்ளை என்று அரண்மனைத் தளத்துக்கு இழைத்த கல்லைப் போல் அவை ஒளிவிடுகின்றன.

இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு அந்தப் பூமி பாலைவனமாக இருக்கவில்லை. அக்காலத்தில் அது பூமத்திய ரேகைக்கு அருகே இருந்தது. பெரிய ஆறுகள் ஓடின. கரைகளில் உயர்ந்த ஊசியிலை மரங்கள் வளர்ந்தன. முதலையைப் போன்ற பைட்டோசர்களும், முதுகில் கவசம் பூண்ட ஏட்டோசர்களும், பிற்காலத்தில் உலகையாண்ட டைனசர்களின் சிற்றுருவ முன்னோர்களும் அங்கே உலவின. வெள்ளத்தில் வீழ்ந்த மரங்களை ஆறு அடித்துச் சென்று மணலிலும் சேற்றிலும் புதைத்தது. எரிமலைகள் கக்கிய சாம்பல் அவற்றின்மேல் படிந்தது. காற்றுப் புகாமையால் மரம் விரைவில் மக்கவில்லை. அச்சாம்பலில் இருந்த சிலிகா என்னும் பொருள் நிலத்தடி நீரில் கரைந்து மரத்தின் நுண்ணறைகளுக்குள் புகுந்து படிகமாயிற்று. மரம் சிறிது சிறிதாக விடைபெற, கல் சிறிது சிறிதாக அதன் இடத்தில் அமர்ந்தது. இரும்புச் சத்து சிவப்பையும் மஞ்சளையும் தந்தது. மாங்கனீஸ் கருமையும் ஊதாவும் ஊட்டியது. பின்னர்ப் பூமி உயர்ந்து அசைந்தபோது, கண்ணாடியைப் போல் எளிதில் முறியும் அக்கல் குறுக்கே விண்டது. ரம்பத்தால் அறுத்து அடுக்கியது போல் இன்று அவை தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

இவ்வற்புதத்தை முதலில் கண்டவர்கள் வெள்ளையர் அல்லர். அந்நிலத்தின் பூர்வ குடிகள் இந்தக் கல்லிலிருந்து அம்பு முனை செய்தார்கள். கல்மரத் துண்டுகளையே சுவராக அடுக்கி எட்டு அறைகள் கொண்ட ஒரு வீட்டையும் கட்டினார்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்வீட்டின் அடித்தளத்தின்மீது 1930களில் சில சுவர்கள் மீண்டும் எழுப்பப்பட்டன. அமெரிக்க ராணுவத்தைச் சேர்ந்த விப்பிள் என்ற அதிகாரி ரயில் பாதைக்கு வழி பார்க்க 1853இல் அப்பக்கம் வந்தார். ஓர் ஓடைக்கரையில் இம்மரங்களைக் கண்டு அவ்வோடைக்கு ‘லித்தோடெண்ட்ரன்’ என்று கிரேக்கப் பெயர் சூட்டினார். அச்சொல்லுக்குப் பொருளும் கல்மரம் என்பதே.

ஆலை வந்தது

வழி பார்த்தவர் போன பின்னர், 1880களில் ரயில் வந்தது. ரயிலோடு வியாபாரமும் வந்தது. மேஜைப் பலகைக்காகவும் அலங்காரப் பொருள்களுக்காகவும் கல்மரங்கள் வண்டி வண்டியாக ஏற்றப்பட்டன. சில மரங்களின் உட்பொந்துகளில் செவ்வந்திக்கற்களும் படிகங்களும் விளைந்திருந்தன. அவற்றைப் பெறும் ஆசையால், கோடிக்கணக்கான ஆண்டுகள் அழியாது கிடந்த மரங்களை வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். கைப்பிடியளவு படிகத்துக்காக முழு மரமும் சல்லியாயிற்று. இவற்றுக்கெல்லாம் முடிசூட்டியது போல், 1890களில் அடமானா என்ற ரயில் நிலையத்தருகே ஓர் இடிப்பு ஆலை எழுப்பப்பட்டது. அதன் நோக்கம் என்ன? அந்தக் காட்டையே பொடியாக அரைத்து, உலோகங்களைத் தேய்த்து மெருகிடும் பொடியாக விற்பது!

அப்போது அரிஸோனா முழு உரிமை பெற்ற ராஜ்யமாகவில்லை. மத்திய சர்க்காரின் நேர் ஆட்சிக்கு உட்பட்ட வெறும் பிரதேசமாகவே இருந்தது. அது ராஜ்யமானது 1912இல்தான். எனினும் அதன் சட்டசபை வாளாவிருக்கவில்லை. இக்காட்டைக் காக்க வேண்டுமென்று 1895இல் அமெரிக்கக் காங்கிரஸுக்கு விண்ணப்பம் அனுப்பியது. தாவர சாஸ்திர வல்லுநரான லெஸ்டர் வார்டு நேரில் பார்த்து, காப்பது அவசியமென்று அறிக்கை கொடுத்தார். இயற்கையின் காவலர் என்று பெயர் பெற்ற ஜான் மியூர் 1905இல், நோயுற்ற மகளின் உடல்நலத்துக்காக அப்பக்கம் வந்து அடமானாவில் தங்கி, கல்மரக் காடுகளைச் சுற்றி ஆராய்ந்தார். முடிவில், தொன்மைப் பொருள்களைக் காக்கும் சட்டம் 1906 ஜூன் மாதம் நிறைவேறியது. அவ்வாண்டு டிசம்பரிலேயே ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கல்மரக் காட்டைத் தேசீயச் சின்னமாகப் பிரகடனம் செய்தார்.

ஏழைப் பிரதேசமொன்றின் பிரதிநிதிகள், ஓர் ஆலையால் கிடைக்கக்கூடிய கூலியையும் வரியையும் பெரிதென்று மதியாமல், தங்கள் மண்ணின் சிறப்பைப் பெரிதாக மதித்தார்கள் என்பது இங்கே கவனிக்கத் தக்கது. விண்ணப்பத்துக்கும் பிரகடனத்துக்கும் இடையே பதினோர் ஆண்டுகள் சென்றன. பொதுக் காரியங்களில் பொறுமை இழக்கும் தொண்டர்கள் இந்தக் கணக்கை நினைவில் வைப்பது நலம்.

காகிதக் காவல்

சட்டம் வந்துவிட்டால் சகலமும் வந்துவிட்டதாக நாம் மகிழ்வதுண்டு. அதற்கு மாறாக ஒரு சரித்திரம் அதே தேசத்தில் உண்டு. அது நடந்த இடம் பாலைவனமன்று. வடக்கே, தெற்கு டக்கோட்டா ராஜ்யத்தில் பிளாக் ஹில்ஸ் குன்றுகளின் ஓரமாக உள்ள வெளி நிலம். பனையைப் போலத் தோன்றினும் பனையல்லாத சைக்காடு இனத்தை ஒத்த பழஞ்செடிகள் அங்கே கல்லாகிக் கிடந்தன. குட்டையான அன்னாசிப் பழத்தைப் போன்ற உருவம். பூவின் மொட்டுக்கூட உள்ளே கெடாமல் கல்லாகியிருந்ததால் தாவர சாஸ்திரிகள் அவற்றைப் பொக்கிஷமாகப் போற்றினார்கள்.

யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த வீலண்ட் என்ற அறிஞர் இவற்றை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். 1920இல் அந்நிலத்தைத் தம் பெயரில் உரிமையாக்கிக் கொண்டார். பின்னர்த் தேசத்துக்கே திருப்பிக் கொடுத்தார். ஜனாதிபதி ஹார்டிங் 1922இல் அந்த 320 ஏக்கரையும் தேசீயச் சின்னமாகப் பிரகடனம் செய்தார். பிரகடனம் வந்தது, காவலாள் வரவில்லை. பார்வையாளருக்கு ஒரு கூடமும் எழவில்லை. வேறொரு பூங்காவின் அதிகாரி இதையும் தம் அதிகப்படி வேலையாகப் பார்த்துக்கொண்டார். மேற்பரப்பில் கிடந்தவை ஒவ்வொன்றாகப் போயின. வழிப்போக்கர்கள் எடுத்துச் சென்றது ஒருபுறம் இருக்க, சர்வகலாசாலைகளுக்கென அறிஞர்களே கொண்டு சென்றவையும் அநேகம். நிலத்தைக் காக்கப் போராடிய வீலண்டே பெருந்திரளாகச் சேகரித்தவர்களில் ஒருவர். 1935இல் அவர் நடத்திய அகழ்வில் மட்டும் ஒரு டன்னுக்கு மேற்பட்ட கற்கள் வெளிவந்தன. இறுதியில் காண்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. 1957 செப்டம்பரில் அந்தத் தேசீயச் சின்னம் சட்டப்படி ரத்துச் செய்யப்பட்டது.

திருடன் ஒருவன் வந்து ஒரே இரவில் கொள்ளையடித்திருந்தால் ஊர் கூடியிருக்கும். இங்கேயோ நல்லவர்கள் பலர், ஆளுக்கொரு நல்ல காரணத்தோடு, முப்பத்தைந்து ஆண்டுகளில் ஒரு பொதுச் சொத்தை இல்லாமற் செய்துவிட்டார்கள். பொதுச் சொத்து பெரும்பாலும் அழிவது இந்த வகையிலேதான்.

இருபத்தைந்து ராத்தல்

ஆகவே, ஒருவரும் ஒன்றையும் தொடக்கூடாது என்று அடைத்துவிடுவதுதான் வழியா? அமெரிக்கர்கள் அப்படிச் செய்யவில்லை. 1962 செப்டம்பரில் இயற்றிய சட்டத்தின்படி, கல்மரத்தைக் காரணங்காட்டிச் சுரங்க உரிமை கோரிப் பொது நிலத்தை வளைத்துக் கொள்ளும் வழி மூடப்பட்டது. அதே சமயத்தில், சாமானியன் தன் சொந்த உபயோகத்துக்காகச் சிறிதளவு இலவசமாக எடுத்துக்கொள்ளும் உரிமையும் உறுதி செய்யப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் அரிஸோனாவின் கல்மரக் காடு தேசீயப் பூங்கா என்ற உயர்ந்த நிலையை அடைந்தது. பூங்காவுக்குள் ஒரு துணுக்கும் எடுக்கலாகாது. வெளியே பொது நிலத்தில் அளவோடு எடுக்கலாம். ஒரே ஆண்டில் பிறந்த இவ்விரு ஏற்பாடுகளையும் ஒரே நாணயத்தின் இரு முகங்களாகக் கொள்ளலாம்.

மத்திய சர்க்காரின் நில நிர்வாக இலாகாவின் பொறுப்பில் ஏறத்தாழ 24½ கோடி ஏக்கர் பொது நிலம் இருக்கிறது. அதில் விலக்கப்படாத இடங்களில் ஒருவர் ஒரு நாளைக்கு 25 ராத்தலும் மேற்கொண்டு ஒரு துண்டும், ஓராண்டில் மொத்தம் 250 ராத்தலும் கல்மரம் எடுத்துக்கொள்ளலாம். விற்கக்கூடாது. பலர் தங்கள் பங்குகளை ஒன்று சேர்த்து 250 ராத்தலுக்கு மேற்பட்ட ஒற்றை மரத்தைத் தூக்கிச் செல்லவும் கூடாது. இந்த விதி எத்துணை நுட்பமானது! இருபத்தைந்து ராத்தல் என்பது ஒரு மனிதன் சிரமத்துடன் தோளில் சுமக்கக் கூடிய பாரம். ஆசைக்கு அளவுகோலாகத் தோளையே வைத்துவிட்டார்கள். ரசிகனுக்கு அது தாராளம். வியாபாரிக்கோ அது போதாது.

மரத்துக்கு ஒரு நீதி, எலும்புக்கு வேறொரு நீதி. 2009இல் வந்த சட்டம் பாஸில்களை, அதாவது மண்ணில் புதைந்து கல்லான பண்டை உயிர்ச் சின்னங்களை, இரண்டாகப் பிரித்தது. எங்கும் மலிந்து கிடக்கும் சிப்பி, இலை போன்றவற்றைக் கைக் கருவிகளால் சிறிதளவு, சொந்த உபயோகத்துக்கு எடுக்கலாம். முதுகெலும்புள்ள பிராணிகளின் எலும்பு, பல், காலடித் தடம் ஆகியவற்றை அநுமதி பெற்ற ஆராய்ச்சியாளர் மட்டுமே எடுக்கலாம். எடுத்த பின்னும் அவை தேசத்தின் சொத்தாகவே இருக்கும். சிப்பிகள் லட்சக்கணக்கில் உண்டு. ஒரு விலங்கின் எலும்புக்கூடோ அவ்வினத்துக்கே ஒரே சாட்சியாக இருக்கக்கூடும். பூர்வ குடிகளின் பழம்பாண்டங்களையும் இவ்வாறே எடுக்கலாகாது. அவை கல்லன்று, ஒரு சமூகத்தின் உடைமை.

பாலைவனத்தின் பிரஜைகள்

கல் பொறுக்கச் செல்பவன், தான் நுழைவது ஆளில்லாத வீடு என்று நினைத்தால் ஏமாந்து போவான். பகலில் வெறிச்சென்றிருக்கும் அந்தப் பாலைவனத்தில் ஒவ்வொரு கல்லின் நிழலும் யாராவது ஒருவருடைய குடியிருப்பு. கல்லைப் புரட்டுவதற்கே அங்கு ஒரு முறை உண்டு. கல்லின் அப்பால் விளிம்பைத் தூக்கித் தன் பக்கமாகச் சாய்க்க வேண்டும். அடியிலே கிலுகிலுப்பைப் பாம்போ தேளோ இருந்தால் அது எதிர்ப்புறமாக ஓடிவிடும். பார்த்து முடிந்ததும் கல்லை மீண்டும் கிடந்தபடியே வைக்க வேண்டும். கூரையைப் பிரித்துப் பார்த்தவன் கூரையை மூடிவிட்டுப் போவதுதானே மரியாதை?

ஊதா கடந்த ஒளிவிளக்கோடு இரவில் செல்லும் சிலர் உண்டு. அவ்வொளி பட்டால் சில கனிப்பொருள்கள் சிவப்பும் பச்சையுமாகச் சுடர்விடும். அவற்றைத் தேடிப் போகிறவர்களின் முன்னே திடீரென்று நீலப்பச்சையாக ஒளிரும் ஒரு ‘கல்’ எழுந்து நடக்கும். அது தேள்! தேளின் மேலோட்டுக்கு அவ்வொளியில் சுடரும் குணம் உண்டு.

பாலைவன ஆமை தன் வாழ்நாளில் பெரும்பகுதியை வளைக்குள்ளேயே கழிக்கிறது. மழை பெய்யும்போது குடித்த நீரைச் சிறுநீர்ப் பையிலே சேமித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பிழைக்கிறது. வேடிக்கை பார்க்க வந்தவன் அதைக் கையில் எடுத்தால், அச்சத்தால் சேமித்த நீரையெல்லாம் விட்டுவிடும். அடுத்த மழை வருமுன் அது தாகத்தால் மாளவும் கூடும். கொல்ல வேண்டுமென்ற எண்ணமே இல்லாமல் அன்போடு தூக்கியவன் கையால் வரும் மரணம் இது. மோஹாவிப் பாலைவனத்து ஆமைகள் 1990இல் ஆபத்துக்குள்ளான இனமாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டன. கீலா என்னும் நச்சுப் பல்லிக்கோ அரிஸோனா 1952இலேயே பாதுகாப்புத் தந்துவிட்டது. விஷமுள்ள பிராணி என்பதற்காக அதன் உயிருக்கு மதிப்பில்லாமல் போய்விடவில்லை.

இவர்களிலெல்லாம் கல் பொறுக்குகிறவனுக்கு நெருங்கிய உறவினன் ஓர் எலி. வழியில் கண்ட கல், குச்சி, எலும்பு, பளபளக்கும் பொருள் அனைத்தையும் வளைக்குக் கொண்டுபோய்க் குவிப்பது அதன் இயல்பு. வாயில் ஒன்றைக் கவ்விப் போகையில் அதைவிட நல்லதைக் கண்டால், இருப்பதைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்ளும். ஆகையால் அமெரிக்கர்கள் அதற்குப் ‘பண்டமாற்று எலி’ என்று பெயரிட்டார்கள். பாறைப் பொந்துகளில் அது குவித்த குப்பை, அதன் சிறுநீராலேயே பிசின்போல் இறுகி, நாற்பதினாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கெடாமலிருப்பது உண்டு. வெல்ஸ், ஜார்கென்சன் என்ற இருவர் நெவாடாவில் அத்தகைய குப்பைகளை ஆராய்ந்து 1964இல் வெளியிட்ட முடிவு பலரையும் வியக்க வைத்தது. இன்று புதர் மட்டுமே முளைக்கும் வறண்ட சரிவுகளில் ஒரு காலத்தில் ஜூனிப்பர் மரங்கள் வளர்ந்திருந்தன என்பதற்கு அந்த எலி சேர்த்த சுள்ளிகளே சாட்சி சொல்லின. தன் வளையைச் சுற்றியிருந்ததை மட்டுமே எடுத்து அங்கேயே சேர்த்து வைத்ததனால் எலி சரித்திர ஆசிரியனாயிற்று. மனிதன் எடுத்ததை ஆயிரம் மைல் தூரம் கொண்டுபோய் மேஜைமீது வைக்கிறான். அவனுடைய குவியல் எந்தச் சரித்திரத்தையும் சொல்வதில்லை.

இடம் இழந்த கற்கள்

இங்கேதான் இவ்விஷயத்தின் உயிர்நிலை இருக்கிறது. அரிஸோனாப் பூங்காவின் அலுவலகத்துக்குப் பல பத்தாண்டுகளாகத் தபாலில் கற்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஒரு காலத்தில் பூங்காவிலிருந்து திருட்டுத்தனமாக எடுத்துச் சென்றவர்கள், மனச்சாட்சி உறுத்தியதால் மன்னிப்புக் கடிதத்தோடு திருப்பி அனுப்பிய கற்கள் அவை. கல் வீட்டுக்கு வந்தது முதல் நோய் வந்தது, வேலை போயிற்று, மணவாழ்வு முறிந்தது என்று அஞ்சி அனுப்பியவர்களும் உண்டு. எக்காரணத்தால் வந்தாலும், வந்த கல்லைப் பூங்கா அதிகாரிகள் காட்டிலே மீண்டும் போடுவதில்லை. எந்தக் குன்றில், எந்த மண்ணடுக்கில் அது கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. தவறான இடத்தில் வைத்தால் நாளை ஆராய வருகிறவனுக்கு அது பொய்ச் சாட்சி சொல்லும். ஆகவே அலுவலர் பாதையொன்றின் ஓரத்தில் அவற்றைக் குவித்திருக்கிறார்கள். ‘மனச்சாட்சிக் குவியல்’ என்பது அதற்கு வழங்கும் பெயர்.

களவு போன பொருள் திரும்பி வந்தும் பழைய நிலைக்கு வராத விந்தை இது. காசைத் திருடியவன் காசைக் கொடுத்தால் கணக்குத் தீரும். கல்லின் மதிப்போ அதன் எடையிலும் நிறத்திலும் இல்லை. அது கிடந்த இடத்தில் இருக்கிறது. எந்த அடுக்கில், எந்த எலும்புக்குப் பக்கத்தில், எந்தத் திசை நோக்கிச் சாய்ந்து கிடந்தது என்பதைக் கொண்டே இருபது கோடி ஆண்டுக்கு முந்தைய ஆறு எப்பக்கம் ஓடிற்று என்று விஞ்ஞானி கண்டறிகிறான். இடத்தை விட்டு எடுத்த மறு நிமிஷம் அது ஊமையாகிறது. அழகு மட்டும் மிஞ்சுகிறது.

இந்தத் திருட்டைத் தடுக்கச் செய்த ஒரு சோதனை, பிரசாரத்தில் ஈடுபட்ட நம்மவர்களுக்கு மிகவும் பயன்படக் கூடியது. சியால்டீனி என்ற மனோதத்துவப் பேராசிரியரும் அவரைச் சேர்ந்தவர்களும் பூங்காவின் பாதைகளில் அடையாளமிட்ட கல்மரத் துண்டுகளைப் போட்டு, அறிவிப்புப் பலகைகளை மாற்றி மாற்றி வைத்தார்கள். முன்வந்தவர்களில் பலர் கல்லை எடுத்துச் சென்றதால் காட்டின் நிலை மாறிவிட்டது என்று ஒரு பலகை வருந்தியது. கல்லை எடுக்க வேண்டாம் என்று மற்றொரு பலகை நேராகக் கேட்டுக்கொண்டது. முதற் பலகை இருந்தபோது நூற்றுக்கு ஏறத்தாழ 8 துண்டுகள் களவு போயின. இரண்டாவது இருந்தபோது நூற்றுக்கு 2க்கும் குறைவு. ‘எல்லோரும் திருடுகிறார்கள்’ என்று கூவுகிறவன் திருட்டைக் கண்டிப்பதாகவே நினைக்கிறான். கேட்பவனுக்கோ அது, ‘அப்படியானால் நான் மட்டும் ஏன் இழக்க வேண்டும்?’ என்ற உபதேசமாகிறது. தேசமே கெட்டுவிட்டது என்று நாள்தோறும் புலம்பும் பத்திரிகைகளும் மேடைகளும் இதைச் சிந்திக்க வேண்டும்.

பிற்காலத்தில் மற்றோர் உண்மையும் தெரிய வந்தது. பூங்கா அலுவலர்கள் பழைய புகைப்படங்களை எடுத்துக்கொண்டு அவ்வவ் விடங்களுக்கே சென்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். படத்தில் கண்ட கற்கள் பல இடங்களில் அப்படியே கிடந்தன. வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒன்றையும் தொடாமலே போயிருக்கிறார்கள். பொதுஜனங்கள் நாம் பயந்த அளவுக்குக் கெட்டவர்கள் அல்லர்.

ஓர் ஆட்சேபம்

‘கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டால் மழையும் வெயிலும் அதை அழித்துவிடாவா? எடுத்தவன் காப்பாற்றினான் அல்லவா?’ என்று சேகரிப்பவர்கள் கேட்கிறார்கள். இது வெறும் சாக்கு அன்று. மண் அரிப்பால் வெளிப்பட்ட எலும்பு சில மழைக்குள் பொடியாவது உண்மை. பாலைவனத்தை ஆண்டு முழுதும் அளந்து வரத் தக்க அளவுக்கு அறிஞர் கூட்டம் எந்த நாட்டிலும் இல்லை என்பதும் உண்மை. விஞ்ஞானம் இன்று அறிந்துள்ள பல பாஸில்களை முதலில் கண்டவர்கள் விவசாயிகளும் மேய்ப்பர்களும் பொழுதுபோக்காகக் கல் தேடியவர்களுமே. பொறுக்குகிறவனைத் திருடன் என்று விரட்டிவிட்டால் விஞ்ஞானம் தன் கண்களில் பாதியை இழந்துவிடும்.

ஆனால் அந்தக் கேள்விக்குள்ளேயே விடையும் இருக்கிறது. கண்டவன் செய்ய வேண்டியது எடுப்பது அன்று, அறிவிப்பது. கிடந்த நிலையில் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, நில நிர்வாக அலுவலகத்துக்கோ அருகிலுள்ள பொருட்காட்சி சாலைக்கோ தெரிவிப்பவன் ஒரு கல்லை மட்டுமன்று, அதன் சாட்சியத்தையும் காப்பாற்றியவனாகிறான். அவனுக்குரிய புகழை அறிஞர்கள் மறைக்காமல் கொடுக்க வேண்டும். புகழைத் தாமே வைத்துக்கொண்டு கடமையை மட்டும் பிறருக்குக் கற்பிக்கும் அறிஞர்களை எவரும் நம்பமாட்டார்கள். வீலண்டின் சரித்திரம் கல்வியாளருக்கும் ஓர் எச்சரிக்கை அல்லவா? ஆசை என்பது படிக்காதவனுக்கு மட்டும் உரியதன்று.

நம் வாசற்படியில்

இவ்வளவும் தூரதேசத்துச் செய்தி என்று நாம் இருந்துவிட முடியாது. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில், கோயிலுக்குச் சற்றுத் தொலைவில், இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்மரங்கள் கிடக்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில், கடல் புகுந்திருந்த காலத்தில் புதைந்த ஒரு மரம் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகப் படுத்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் சர்க்கார் வேலி உண்டு. ஆனால் அரியலூர்ப் பக்கத்தில் அக்கடல் விட்டுச் சென்ற சுருள் சங்குகள் புதைந்திருக்கும் அதே பூமியிலிருந்துதான் சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் போகிறது. ஆலை வேண்டாம் என்பது நம் கருத்தன்று. வீடு கட்டச் சிமெண்டு வேண்டும். வெட்டுமுன் பார்ப்பதற்கு ஆள் வேண்டும், கண்டதைக் குறித்து வைக்க ஏடு வேண்டும், கண்டெடுத்த தொழிலாளிக்கு மரியாதை வேண்டும் என்பதே நம் கருத்து.

அடமானாவில் ஆலை எழுந்தபோது அரிஸோனா மக்கள் கேட்ட கேள்வி எளியது: இதைப் பொடியாக்கிய பின்னர் மீண்டும் உண்டாக்க உங்களால் முடியுமா? அதற்கு எந்தக் கம்பெனியாலும் விடை கூற முடியவில்லை. சர்க்காராலும் கூற முடியாது. உண்டாக்க முடியாத பொருளை உடைமை என்று சொல்லிக்கொள்ள எந்தத் தலைமுறைக்கும் முழு உரிமை இல்லை. தோளில் சுமக்கும் அளவு இன்று நமக்கு; எஞ்சியது இனி வருகிறவர்களுக்கு. கல்மரத்துக்கு அமெரிக்கர்கள் கண்ட இந்தக் கணக்கு ஆற்றுக்கும் மலைக்கும் காட்டுக்கும்கூடப் பொருந்தும் கணக்கேயாகும்.